ஒவ்வொரு ராத்திரியும் கையத் தூக்கின பொண்ணு: ஒரு கேம்ப் கவுன்சிலரோட நிகழ்வு ஆய்வு

கோடை லீவுல நடக்கற ஒரு கிறிஸ்தவ பிள்ளைகள் கேம்ப். ராத்திரி கூட்டம் முடியற நேரத்துல லைட்ட கொஞ்சம் கம்மி பண்ணிட்டு, கீபோர்டு மெதுவா ஓட, "எல்லாரும் கண்ண மூடிக்கோங்க, இயேசுவ உள்ளத்துல ஏத்துக்கணும்னு நினைக்கிறவங்க மட்டும் கையத் தூக்குங்க"ன்னு கூப்பிடுவாங்க. முதல் நாள் ஒரு ஒம்பது வயசுப் பொண்ணு கையத் தூக்கினா. ரெண்டாவது நாளும் தூக்கினா. மூணாவது நாளும் அவ கை மேல தான் இருந்துச்சு. அவ படுக்கற அறைக்கு வாலண்டியர் கவுன்சிலரா இருந்தது நான், அதனால அவ ஏன் திரும்பத் திரும்ப தூக்கறான்னு கேக்க வேண்டிய வேலையும் என்னோடது தான்.

இத ஒரு கேஸா எடுத்து முழுசா எழுதறதுக்கு காரணம் இருக்கு. கவுன்சிலரா போறவங்களுக்கு ட்ரெய்னிங்ல ஆக்ஷன் சாங் சொல்லித் தர்றாங்க, விளையாட்டு சொல்லித் தர்றாங்க, முதலுதவி, பாடம் நடத்தறது, மனப்பாட வசனம் எப்படி கத்துக்கொடுக்கறதுங்கறது வரைக்கும் எல்லாம் இருக்கு. ஆனா ஒரு பிள்ள தேவனப் பத்தி மனசுக்குள்ள என்ன கணக்கு போட்டுட்டு இருக்குன்னு எப்படி பக்கத்துல உக்காந்து கேக்கறதுங்கறது எந்த பைல்லயும் இல்ல. என்னப் பொறுத்தவரைக்கும் கேம்ப்ல நாம பண்ற ஊழியத்துல பெரும்பங்கு அது தான். பிள்ள பேரு எழுதல, அவள குட்டின்னே கூப்பிடறேன், அடையாளம் தெரியற மாதிரி இருந்த விவரங்கள மாத்திட்டேன், அவங்க அம்மாகிட்ட ஆபீஸ் மூலமா கேட்டு அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம் தான் எழுதறேன்.

சூழல கொஞ்சம் சொல்லிடறேன். எங்க அறையில எட்டு பொண்ணுங்க, எட்டுலேர்ந்து பத்து வயசுக்குள்ள, கவுன்சிலர் ரெண்டு பேர், நானும் காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சியும். அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் வச்சிருக்கற அளவுகோல் என்னன்னா, ராத்திரி தங்கற கேம்ப்ல 6லேர்ந்து 8 வயசுப் பிள்ளைங்க 6 பேருக்கு ஒரு ஆளு, 9லேர்ந்து 14 வயசுக்கு 8 பேருக்கு ஒரு ஆளு. இந்த எண்ணிக்கை ஒரு கணக்கு தானேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா ரெண்டாவது ஆளு இருந்ததால தான் இந்தக் கேஸ்ல நான் குட்டிகூட தனியா உக்காந்து பேச முடிஞ்சது, மத்த ஏழு பேர யாரு பாக்கறதுங்கற கவலை எனக்கு இல்ல. ஆள் பத்தலன்னு ஒரு ஆள வச்சு பன்னெண்டு பிள்ளைங்கள ஓட்டற கேம்ப்ல இந்தப் பேச்சே நடந்திருக்காது.

இன்னொன்னும் இங்கயே சொல்லிடணும். கவுன்சிலரோட முதல் வேலை பிள்ளைங்கள உசுரோட பத்திரமா வீட்டுக்கு அனுப்பறது, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் தான். 2025 ஜூலை 4 அதிகாலையில டெக்சஸ்ல குவாடலூப் நதி பெருகி வந்தப்போ, கேம்ப் மிஸ்டிக்ங்கற கிறிஸ்தவ பெண்பிள்ளைகள் கேம்ப்ல பிள்ளைங்களும் கவுன்சிலருங்களுமா 27 பேர் இறந்துபோனாங்க. அந்தச் செய்திய படிச்ச எந்த வாலண்டியரும் இனிமே ராத்திரி தலை எண்றத சும்மா சடங்கா நினைக்க முடியாது. தண்ணி எந்தப் பக்கம் இருக்கு, ராத்திரியில எழுப்பினா எந்த வழியா எங்க போகணும், யாரு கையில டார்ச் இருக்கு, இதெல்லாம் முதல் நாள் சாயங்காலமே பிள்ளைங்கள நடத்திக் கூட்டிட்டுப் போய் காட்டிடணும்.

இப்போ குட்டி. பேரண்ட்ஸ் ஃபார்ம்ல இருந்தது ரெண்டே விஷயம்: வீட்ட விட்டு தங்கறது இது தான் முதல் தடவ, அலர்ஜி எதுவும் இல்ல. வந்த அன்னைக்கே மத்தியானம் வயிறு வலிக்குதுன்னா. சாப்பாட்டு நேரத்துல வலி வந்துச்சு, விளையாட்டு நேரத்துல காணாம போச்சு, லைட் ஆஃப் பண்ணதும் திரும்ப வந்துச்சு. கேம்ப் நர்ஸ் பார்த்துட்டு காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. நிறைய கேம்ப் பார்த்தவங்களுக்கு இது பழகின ஒண்ணு தான், வீட்டு ஏக்கம். கிறிஸ்டோஃபர் தர்பர்ங்கற உளவியலாளர் கேம்ப் பிள்ளைங்களோட வீட்டு ஏக்கத்தப் பத்தியே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவரு, 2007ல அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமிக்காக எட்வர்ட் வால்டனோட சேர்ந்து ஒரு அறிக்கையும் எழுதினாரு. அதுல இருக்கற விஷயங்கள் ரொம்ப நடைமுறையானது. வீட்டு ஏக்கம் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு அளவுல வரும், அது நோய் இல்ல. முன்னாடியே ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரி சொந்தக்காரங்க வீட்ல தங்கிப் பழகினா நல்லது. முக்கியமா, "பிடிக்கலன்னா சொல்லு, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்"னு பேரண்ட்ஸ் வாக்கு கொடுக்கக் கூடாது, ஏன்னா அப்படி சொல்லிட்டா பிள்ள சமாளிக்க முயற்சியே பண்ணாது, அந்த போன் கால நினைச்சுகிட்டே இருக்கும்.

குட்டியோட அப்பா அதே வாக்க கொடுத்திருந்தாரு. பாசத்துல சொன்னது, குத்தம் சொல்றதுக்கு இல்ல. நாங்க பண்ணது, வேல கொடுத்தோம். சாப்பாட்டுக்கு முன்னாடி தட்டு எடுத்து வைக்கற வேல அவளுது, ராத்திரி எல்லாரும் பல்லு தேய்ச்சாச்சான்னு லிஸ்ட்ல டிக் பண்றதும் அவளுது, வீட்டுக்கு லெட்டர் எழுத மத்தியான ஓய்வு நேரத்துல பேப்பர் கொடுத்தோம். ரெண்டாவது நாள் வயித்துவலி பாதி குறைஞ்சிடுச்சு. அதனால நானும் தங்கச்சியும் இது வீட்டு ஏக்கம் தான், சரியாகிட்டு வருதுன்னு முடிவு பண்ணியிருந்தோம், அந்த முடிவுல தப்பும் இல்ல. ஆனா ராத்திரி கையத் தூக்கறது மட்டும் அதுக்குள்ள அடங்கவே இல்ல. வீட்டுக்குப் போகணும்னு ஏங்கற பிள்ள எதுக்கு தினமும் கையத் தூக்கி தன்ன இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கணும்?

கேம்ப்ல இதுக்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் இருந்துச்சு. ஒருத்தர் பிள்ள விளையாடுதுன்னாரு. இன்னொருத்தர், பக்கத்துல இருக்கறவ தூக்கறா அதப் பார்த்து இவளும் தூக்கறான்னாரு. மூணாவது ஒரு கருத்து வந்தது தான் என்ன பயமுறுத்திடுச்சு: "அந்தப் பிள்ளைய ஆவியானவர் ஆழமா தொட்டிருக்காரு, கடைசி நாள் மேடையில ஏத்தி சாட்சி சொல்ல வைக்கலாம்." நல்ல மனசோட தான் சொன்னாங்க. ஆனா யாருமே அவகிட்ட கேக்கல. ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை கைன்னு எண்ணி, ஒரு சீட்டுல எழுதி, மறுநாள் காலையில வாலண்டியர் ஜெபக்கூட்டத்துல வாசிச்சு ஸ்தோத்திரம் சொன்னோம், அந்த எண்ணிக்கையில குட்டி மூணு பேரா இருந்தா.

பிள்ளைங்களுக்கு சுவிசேஷம் சொல்ற இந்த முறையும் கேம்ப்பும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய் பாக்கணும், ஏன்னா குட்டி சொன்ன பதில் அங்க தான் போய் முட்டுது. 1866ல லண்டன்ல ஸ்பர்ஜன்ங்கற போதகர் ஒரு பிரசங்கத்துல கருப்பு, சிவப்பு, வெள்ளைன்னு மூணே பக்கம் இருக்கற எழுத்தே இல்லாத ஒரு புத்தகத்தப் பத்தி பேசினாரு. பாவத்துக்கு கருப்பு, ரத்தத்துக்கு சிவப்பு, கழுவப்பட்டதுக்கு வெள்ளை. 1875ல டி.எல். மூடிங்கற அமெரிக்க சுவிசேஷகர் அதுல பரலோகத்துக்கு தங்கநிறப் பக்கத்த சேர்த்தாரு, பச்சைப் பக்கம் பின்னாடி வந்துச்சு. இத தான் நாம வார்த்தையில்லா புத்தகம்னு சொல்றோம், எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் சுவிசேஷத்த அஞ்சு நிமிஷத்துல சொல்லிட முடியும், அந்த வகையில அருமையான கருவி. அதே காலகட்டத்துல தான், 1868ல, ஜோசையா ஸ்பியர்ஸ்ங்கற ஊழியக்காரர் வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில மணல்ல "தேவன் அன்பாயிருக்கிறார்"னு எழுதி, விளையாடிட்டு இருந்த பிள்ளைங்கள விட்டே அத கல்லும் சிப்பியும் வச்சு அலங்கரிக்க சொல்லி கதை சொன்னாரு. அப்புறம் 1880ல ஜார்ஜ் ஹிங்க்லிங்கற போதகர் தன் சபை பையங்க சிலர ரோட் ஐலண்டுக்கு கூட்டிட்டுப் போனது, 1885ல சம்னர் டட்லி ஒய்.எம்.சி.ஏ பையங்களோட நியூயார்க் பக்கம் ஒரு ஏரிக்கரையில கூடாரம் போட்டது, இப்படித்தான் கிறிஸ்தவ கேம்ப்கள் வளர ஆரம்பிச்சது. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது அந்தக் கடற்கரை. பிள்ளைங்க அவங்க இஷ்டத்துக்கு வந்தாங்க, கையில சிப்பி இருந்துச்சு, எழுந்து போகவும் முடிஞ்சது.

எங்க கேம்ப்ல முதல் நாள் ராத்திரி சொன்னது வார்த்தையில்லா புத்தகம் தான்.

மூணாவது ராத்திரி கூட்டம் முடிஞ்சு அறைக்குத் திரும்பினதும், தங்கச்சிய மத்தவங்களப் பாத்துக்க சொல்லிட்டு குட்டிய வராண்டாவுக்கு கூட்டிட்டுப் போனேன். கதவு தொறந்தே இருந்துச்சு, லைட் எரிஞ்சுது, தங்கச்சி கண்ணுக்கு நாங்க ரெண்டு பேரும் தெரிஞ்சோம். இது ஒரு ஒழுங்கு, எல்லா கவுன்சிலரும் எல்லா நேரத்துலயும் கடைப்பிடிக்க வேண்டியது: பிள்ளைகூட தனியா பேசலாம், ஆனா யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துல பேசக் கூடாது. அவ பக்கத்துல தரையில உக்காந்துகிட்டு, "இன்னைக்கும் கையத் தூக்கினியே, அப்போ மனசுல என்ன நினைச்சே?"ன்னு கேட்டேன். "ஏன் தூக்கின?"ன்னு கேக்கல. ஏன்னு கேட்டா பிள்ளைக்கு திட்டற மாதிரி கேக்கும், உடனே சரியான பதில தேட ஆரம்பிச்சிடும், நம்ம முகத்தப் பார்த்து.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அக்கா, நான் சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?"ன்னா.

இந்த இடத்துல தான் நிறைய நல்ல வாலண்டியருங்க "சத்தியமா சொல்ல மாட்டேன்"னு சொல்லிடறாங்க. சொல்லக் கூடாது. நான் சொன்னது, "நீ சொல்றத நான் விளையாட்டுக்கு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு உதவி வேணும்னா, உதவி பண்ணக்கூடிய பெரியவங்க ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்வேன், அதையும் உங்கிட்ட சொல்லிட்டு தான் சொல்வேன்." அவ யோசிச்சா. நான் காத்திருந்தேன். இந்தக் கேஸ்ல வந்தது துன்புறுத்தல் இல்ல, ஆனா அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி அது எனக்கு எப்படித் தெரியும்?

ரகசியத்தோட ஆபத்து கிறிஸ்தவ கேம்ப் உலகத்துக்கு தெரியாத விஷயம் இல்ல. இங்கிலாந்துல யூவர்ன்ங்கற கிறிஸ்தவ கேம்ப்கள நடத்தின ட்ரஸ்டோட தலைவரா இருந்த ஜான் ஸ்மைத்ங்கற வக்கீல், 1970கள் கடைசியிலயும் 80கள் ஆரம்பத்துலயும் அந்த கேம்ப் மூலமா பழக்கமான பையங்கள "பாவத்துக்கு தண்டனை"ன்னு சொல்லி தன் வீட்டு ஷெட்ல ரத்தம் வர்ற அளவுக்கு அடிச்சாரு. 1982லயே அதப் பத்தி உள்ளுக்குள்ள ஒரு அறிக்கை எழுதப்பட்டுச்சு, போலீசுக்கு போகல. அவரு 1984ல ஜிம்பாப்வே போனாரு, அங்கயும் கேம்ப் நடத்தினாரு, 1992ல அந்த கேம்ப்ல ஒரு 16 வயசுப் பையன் நீச்சல் குளத்துல இறந்து கிடந்தான். இதெல்லாம் முழுசா வெளிய வந்தது 2024 நவம்பர்ல மேக்கின் அறிக்கைங்கற விசாரணை அறிக்கை வந்தப்போ, அதுக்கப்புறம் சில நாள்ல இங்கிலாந்து திருச்சபையோட தலைமைப் பேராயரா இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகறதா அறிவிச்சாரு. நாப்பது வருஷத்துக்கு மேல. "ஊழியத்துக்கு கெட்ட பேரு வந்துடும்"னு நல்லவங்க வாய மூடிகிட்டு இருந்த நாப்பது வருஷம். அதனால ஒரு பிள்ள ரகசியம்னு சொன்னதும் கவுன்சிலர் மனசுல முதல்ல வர வேண்டியது, இத நான் தனியா சுமக்க மாட்டேன்ங்கறது தான்.

குட்டி சொன்னத அன்னைக்கு ராத்திரியே, அவ சொன்ன வார்த்தையிலயே எழுதி வச்சேன். அதுல கொஞ்சம்:

"முதல் நாள் நான் கண்ண மூடல அக்கா. கொஞ்சமா தொறந்து பார்த்தேன். அதனால அது சேராது."

"ரெண்டாவது நாள் மூடினேன். ஆனா வயிறு வலிச்சுது, வீட்ட நினைச்சேன்."

"கருப்பு பக்கம் போயிடுச்சான்னு எப்படி தெரியும் அக்கா?"

அப்புறம், கொஞ்சம் கழிச்சு: "பாட்டிக்கு சொகம் கிடைக்கணும்னு நான் தினமும் ஜெபம் பண்ணேன். செத்துப்போயிட்டாங்க. நான் இன்னும் இயேசுவோட பிள்ளையா ஆகல போல, அதான் நான் கேட்டது அவருக்கு கேக்கல."

இது தான் அவ போட்ட கணக்கு. ஜெபம் கேக்கப்படல, அப்போ ஜெபம் பண்ணவகிட்ட தான் ஏதோ குறை. கேம்ப்ல வந்து உக்காந்தா, ஏத்துக்கிட்டா நீ தேவனோட பிள்ள, அவரு உன் ஜெபத்த கேப்பாருன்னு சொல்றாங்க. சரி, ஏத்துக்கறது தான் வழி. ஆனா கண்ணத் தொறந்துட்டேன், முறையா பண்ணல, நாளைக்கு திரும்பப் பண்ணுவோம். ஒம்பது வயசுக்கு இதுல எந்த ஓட்டையும் இல்ல. நாம மேடையிலேர்ந்து சொன்னத அவ ஒரு எழுத்து விடாம நம்பினா, அவ்வளவு தான். பியாஜேங்கற உளவியலாளர் சொன்னபடி பாத்தா ஏறக்குறைய ஏழுலேர்ந்து பதினொண்ணு வயசு வரைக்கும் பிள்ளைங்க யோசனை கண்ணால பாக்கற, கையால தொடற விஷயத்த ஒட்டியே போகும். உள்ளம் கருப்பா இருக்குன்னா நிஜமாவே கருப்பா இருக்கு, இயேசு உள்ள வர்றாருன்னா எந்த வழியா வர்றாரு, வந்தவரு இருக்காரா போயிட்டாரா. பெரியவங்க உருவகம்னு நினைச்சுச் சொல்றத அவங்க தகவலா எடுத்துக்கறாங்க.

அவகிட்ட நான் சொன்னது ரொம்ப கொஞ்சம் தான், அதையும் எழுதறேன், ஏன்னா புது கவுன்சிலருங்க அடிக்கடி கேக்கறது "அந்த நேரத்துல என்ன சொல்றது"ங்கறது. பாட்டி எங்க இருக்காங்கன்னு நான் தீர்ப்பு சொல்லல, அது என் கையில இல்ல. "நீ சரியா பண்ணாததால பாட்டி சாகல"ன்னு சொன்னேன், இத ரெண்டு தடவ சொன்னேன். அப்புறம் கெத்செமனே தோட்டத்துல இயேசுவே "இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கும்படி"ன்னு அழுது கேட்டாரு, அவரு கேட்ட மாதிரி நடக்கல, ஆனா அதுக்காக அவரு பிதாவோட பிள்ளையா இல்லாம போயிடலன்னு சொன்னேன். லாசரு செத்தப்போ "இயேசு கண்ணீர் விட்டார்"னு ஒரு குட்டி வசனம் இருக்குன்னு சொன்னேன். "அவரு அழுதாரா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அதுக்கு அப்புறம் தான் அழுதா, நல்லா அழுதா. ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டேன், கண்ணத் தொறந்துகிட்டே பண்ணலாமான்னு கேட்டா, தொறந்துகிட்டே பண்ணோம்.

ஒரு விஷயம் வேணும்னே பண்ணல. அவள திரும்ப ஒப்புக்கொடுக்க வைக்கல. "இப்போ சரியா ஒரு தடவ ஜெபம் பண்ணிடுவோம், இது கண்டிப்பா சேரும்"னு சொல்லியிருந்தா அவ கணக்கு சரின்னு நானே கையெழுத்து போட்டுக் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். மாற்கு 10ல பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றப்போ சீஷருங்க அதட்டறாங்க, இயேசு கோவப்பட்டு "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்"ங்கறாரு, அப்புறம் அணைச்சுகிட்டு, அவங்க மேல கைய வச்சு ஆசீர்வதிக்கிறாரு. அந்தப் பகுதியில அந்தப் பிள்ளைங்க எதையும் சொல்லிக் காட்டவோ செஞ்சு காட்டவோ இல்ல. வந்தாங்க, தூக்கிகிட்டாரு.

அவ படுத்ததும் டைரக்டர்கிட்ட போனேன், பிள்ளைகள் பாதுகாப்புக்கு பொறுப்பா இருந்த அக்காவையும் கூப்பிட்டுகிட்டோம். எழுதினத வாசிச்சேன். மறுநாள் காலையில அந்த அக்கா தான் குட்டியோட அம்மாகிட்ட போன்ல பேசினாங்க, நான் பேசல. அம்மா சொன்னது, பாட்டி தவறி சில மாசம் தான் ஆகுது, குட்டி தூங்கினதே பாட்டி பக்கத்துல தான், சாவு வீட்ல அவ அழவே இல்ல, "தைரியமான பொண்ணு"ன்னு எல்லாரும் பாராட்டினாங்க. லைட் ஆஃப் பண்ணதும் வந்த வயித்துவலி எனக்கு அப்போ தான் முழுசா விளங்குச்சு. பிள்ளைங்க துக்கத்த தொடர்ச்சியா சுமக்கறதில்ல, பத்து நிமிஷம் அழுவாங்க, எழுந்து போய் விளையாடுவாங்க, ராத்திரி திரும்ப வரும், அதப் பார்த்து பெரியவங்க மறந்துட்டான்னு நினைச்சுடறாங்க.

அடுத்து நடந்த வாலண்டியர் மீட்டிங் தான் எனக்கு இந்தக் கேஸ்லயே கஷ்டமான பகுதி. குட்டி விஷயத்த பேர் சொல்லாம, எவ்வளவு சொல்லணுமோ அவ்வளவு மட்டும் டைரக்டர் சொன்னாரு, ராத்திரி கைதூக்கற அழைப்ப நிறுத்தலாமான்னு கேட்டாரு. வயசான ஒரு அங்கிள் எழுந்து, "நான் பத்து வயசுல ஒரு கேம்ப்ல கையத் தூக்கினவன் தான்மா, அன்னைக்கு அந்த அழைப்பு இல்லன்னா இன்னைக்கு நான் இங்க இல்ல"ன்னாரு. குரல் தழுதழுத்துச்சு. அவரு சொன்னது நிஜம், அத நான் லேசா எடுத்துக்கல. கேம்ப்ல தேவனச் சந்திச்சவங்க எத்தனையோ பேர எனக்கே தெரியும். பிள்ளைங்களுக்கு விசுவாசம் வராதுன்னோ, கூப்பிடவே கூடாதுன்னோ நான் சொல்லல. நான் சொன்னது, எந்த நேரத்துல, எப்படி, எதுக்காக கூப்பிடறோம்ங்கறது. 6லேர்ந்து 12 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9லேர்ந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொன்னாங்க. நம்ம கேம்ப்ல மூணாவது ராத்திரி வர்றப்போ எந்தப் பிள்ளையும் அதுல முக்கால்வாசி கூட தூங்கியிருக்காது. களைப்பு, வீட்டு நினைப்பு, மெல்லிசா ஒரு பாட்டு, இருட்டு, சுத்தி எல்லார் கையும் மேல, முன்னாடி அவங்க ரொம்ப நேசிக்கிற ஒரு அண்ணன் நின்னுகிட்டு "இன்னும் ஒருத்தர் இருக்கீங்க, எனக்கு தெரியும்"னு சொல்றாரு. 1951ல சாலமன் ஆஷ்ங்கற உளவியலாளர் பண்ண பரிசோதனையில, ஒரு கோடு எவ்வளவு நீளம்ங்கற சாதாரண கேள்விக்கே, சுத்தி இருக்கறவங்க தப்பா சொன்னப்போ வளர்ந்த ஆளுங்க ஏறக்குறைய மூணுல ஒரு தடவ கூடவே சேர்ந்து தப்பா சொன்னாங்க. எட்டு வயசுப் பிள்ளைகிட்ட அந்த இருட்டுல நாம வாங்கற பதில் எந்த அளவுக்கு அவளோட பதில்?

கூடவே அந்த சீட்டப் பத்தியும் சொன்னேன். எண்ணிக்கைய வாசிச்சு ஸ்தோத்திரம் பண்ண ஆரம்பிச்சதும் எங்களுக்கே தெரியாம ஒரு அழுத்தம் வந்துடுது, நேத்து இருபதுன்னா இன்னைக்கு பதினஞ்சு ஆனா ஏதோ குறைஞ்ச மாதிரி, மேடையில இருக்கறவரு இன்னொரு பாட்டு பாடுவாரு. குட்டிய மூணு பேரா எண்ணின கணக்கு யாருக்கு உபயோகம்?

ஒத்துக்கிட்டவங்க பாதி, ஒத்துக்காதவங்க பாதி. கடைசியா எடுத்த முடிவு இது: ராத்திரி கூட்டம் கதையோடயும் ஆசீர்வாத ஜெபத்தோடயும் முடியும், சீக்கிரம் படுக்கைக்கு அனுப்புவோம். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், எல்லாரும் நல்லா முழிச்சிருக்கற நேரத்துல, "இயேசுவப் பத்தி பேசணும், கேக்கணும், ஜெபம் பண்ணணும்னு நினைக்கிறவங்க உங்க கவுன்சிலர்கிட்ட எப்ப வேணா வரலாம், மரத்தடியில இருப்பாங்க"ன்னு மட்டும் சொல்றது. சீட்டு கிடையாது. மேடைச் சாட்சி பெரியவங்களுக்கு மட்டும்.

முடிவு எப்படி இருந்துச்சுன்னா, மரத்தடிக்கு வந்தவங்க கம்மி தான். கைதூக்கினவங்கள்ல ஒரு சின்ன பகுதி. ஆனா வந்தவங்க கேள்வியோட வந்தாங்க. நாய் செத்தா எங்க போகும், அப்பா சர்ச்சுக்கு வர்றதில்ல அப்பாவ இயேசுவுக்கு பிடிக்காதா, பொய் சொல்லிட்டேன் அம்மாகிட்ட சொல்லணுமா. ஒரு பையன் அரைமணி நேரம் உக்காந்து ஒண்ணுமே கேக்காம போனான்னு அவன் கவுன்சிலர் சொன்னாரு. படுக்கைய நனைக்கற ஒரு பிள்ள வெக்கத்துல அழுதுகிட்டே வந்து, விசுவாசம் இருந்தா இது நின்னுடுமான்னு கேட்டது. ஏழு வயசுல நூத்துல அஞ்சுலேர்ந்து பத்து பிள்ளைங்களுக்கு இது இருக்கு, உடம்பு வளர வளர பெரும்பாலும் தானா சரியாகற விஷயம். அந்தப் பிள்ளைக்கு தேவைப்பட்டது, மத்தவங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி சத்தமில்லாம விரிப்ப மாத்திக் கொடுக்கற ஒரு கவுன்சிலர். அன்னைலேர்ந்து தினமும் விடியக்காலையில மாத்திக் கொடுத்தாங்க. இதுவும் ஊழியம் தான்னு நான் முழு மனசோட நம்பறேன், மேடையில நின்னு பேசறதுக்கு கொஞ்சமும் குறையாத ஊழியம்.

குட்டி மரத்தடிக்கு வரல. அவளுக்கு கேக்க வேண்டியது முடிஞ்சிருச்சு போல. சாப்பாட்டுக்கு முன்னாடி வயித்துவலி நின்னுபோச்சு, ராத்திரி மட்டும் கொஞ்சம் இருந்துச்சு, அப்போ பாட்டிய பத்தி ஒரு விஷயம் சொல்லிட்டு தூங்குவா. பாட்டி மூக்குக்கண்ணாடிய எங்க வைப்பாங்க, பாட்டி எப்படி கூப்பிடுவாங்க, இந்த மாதிரி. கூட்டிட்டுப் போக வந்தப்போ அவங்க அம்மாகிட்ட பாதுகாப்பு அக்கா நேர்ல பேசினாங்க, சாவு நடந்த வீட்ல பிள்ளைய அழ விடறது பத்தியும், இந்த வயித்துவலி ரொம்ப நாள் நீடிச்சா ஒரு டாக்டரையோ குழந்தைகள் மனநல ஆலோசகரையோ பாக்கறது பத்தியும். கவுன்சிலர்ங்கற பட்டம் நமக்கு கேம்ப்ல கொடுத்தது, நாம யாரும் சிகிச்சை கொடுக்க படிச்சவங்க இல்ல, இந்த எல்லைய மறந்தா நல்ல மனசே கெடுதல் பண்ணிடும்.

போறப்போ குட்டி என் போன் நம்பர் கேட்டா. கொடுக்கல. பிள்ளைங்களுக்கு தனியா நம்பர் கொடுக்கறதோ, தனியா மெசேஜ் பண்றதோ கூடாதுங்கறது கேம்ப் ஒழுங்கு, எவ்வளவு பாசமான பிள்ளையா இருந்தாலும். ஆபீஸுக்கு லெட்டர் போடு, அம்மா படிச்சுட்டு அனுப்புவாங்க, நானும் அம்மா பேருக்கே பதில் போடறேன்னு சொன்னேன். முகம் கொஞ்சம் வாடிச்சு. அப்புறம் ஒரு லெட்டர் வந்துச்சு, அம்மா கையெழுத்தோட. அதுல என்ன இருந்துச்சுங்கறது அவளுக்கும் எனக்கும் அவங்க அம்மாவுக்கும் தெரியும், அது போதும்.

கேம்ப் முடிஞ்சதும் டைரக்டர்கிட்ட ரெண்டு மாத்தம் எழுத்துல கொடுத்தேன், ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க. பேரண்ட்ஸ் ஃபார்ம்ல ஒரு கேள்வி புதுசா வந்துச்சு: கடந்த ஒரு வருஷத்துல பிள்ளைக்கு நெருங்கினவங்க யாராவது தவறிப்போனாங்களா, வீடோ ஸ்கூலோ மாறிச்சா, வீட்ல வேற ஏதாவது பெரிய மாற்றம் நடந்துச்சா. இன்னொண்ணு, அந்த ஃபார்ம் ஆபீஸ் ஃபைல்லயே கிடக்காம, பிள்ளைங்க வர்றதுக்கு முந்தின நாளே அந்தந்த அறை கவுன்சிலர் படிச்சு முடிச்சிருக்கணும், படிச்சதுக்கு கையெழுத்து போடணும், படிச்சத அறைக்கு வெளிய யார்கிட்டயும் பேசக் கூடாது.